மராமத்து யார் பொறுப்பு? சுவாமிமலை வட்டாரத்தில் வாடகைக் குடியிருப்பின் வரலாறு

சுவாமிமலை கும்பகோணத்துக்கு மேற்கே சுமார் 8 கிலோமீட்டர் தொலைவில் காவிரிக் கரையில் உள்ள பேரூர். முருகனின் அறுபடை வீடுகளில் நான்காவதும், வண்டல் மண்ணை நம்பி வளர்ந்த ஸ்தபதிகளின் வார்ப்புத் தொழிலும் இந்த ஊருக்குப் பெயர் தந்தன. இங்கும் சுற்றியுள்ள கும்பகோணம், பாபநாசம் பகுதிகளிலும் மற்றவருக்குச் சொந்தமான இடத்தில் குடியிருப்பது மிகப் பழைய வழக்கம். ஊழியத்துக்காகக் கொடுத்த வீடு, பண்ணை நிலத்துக் குடிசை, ஒண்டுக்குடித்தனம், போக்கியம், கோயில் அடிமனை, அடுக்குமாடி என்று அது பல வடிவங்கள் எடுத்தது. வாடகைத் தொகையைப் பற்றிய சண்டை எல்லாக் காலத்திலும் இருந்தது. அதைவிட விடாப்பிடியாகத் தொடர்ந்தது வேறொரு சண்டை: வீடு பழுதானால் அதைச் சரிசெய்ய வேண்டியவர் யார்?

காவிரி டெல்டாவில் இந்த வேலைக்கு வழங்கும் சொல் மராமத்து. அரபியிலிருந்து வந்த இச்சொல் வாய்க்காலுக்கும் வீட்டுக்கும் பொதுவானது. வாய்க்கால் விஷயத்தில் ஊருக்குத் தெளிவான ஏற்பாடு இருந்தது. பாசனம் பெறுகிறவர்கள் ஆள் அனுப்பித் தூர் வாரவும், உடைந்த கரையைக் கட்டவும் வேண்டும் என்பது குடிமராமத்து. ஆங்கிலேய அரசு 1858ஆம் ஆண்டின் சென்னைக் கட்டாய உழைப்புச் சட்டத்தின் மூலம் அந்த வழக்கத்தைச் சட்டக் கடமையாகவே ஆக்கியது. பலர் சேர்ந்து குடியிருக்கும் வாடகை வீட்டுக்கு அப்படி ஒரு முறை உருவாகவே இல்லை. இந்த வட்டாரத்து வாடகைதாரர் பட்ட துன்பங்களில் பெரும்பகுதி அந்த வெற்றிடத்திலிருந்து வந்தது.

ஊழியத்தோடு வந்த வீடு

குடியிருப்பை ஒழுங்காக ஏற்பாடு செய்த மிகப் பழைய சான்றுகளில் ஒன்று தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டு. 1014ஆம் ஆண்டளவில் முதலாம் இராசராசன் சோழநாட்டின் பல கோயில்களிலிருந்து சுமார் 400 பெண்களை வரவழைத்துத் தளிச்சேரிகள் என்ற கோயில் பணிப்பெண்டிர் தெருக்களில் குடியமர்த்தினான். தெரு, சிறகு (தெருவின் பக்க வரிசை), அந்தச் சிறகில் எத்தனையாவது வீடு என்ற வரிசையில் ஒவ்வொருத்தியின் இருப்பிடமும் கல்லில் பொறிக்கப்பட்டது. ஆளுக்கு ஒரு பங்கு, அதாவது ஆண்டுக்கு 100 கலம் நெல் என்று விதித்தார்கள். ஒருத்தி இறந்தாலோ ஊரை விட்டுப் போனாலோ அந்தப் பங்கு யாருக்குச் சேரும் என்பதையும் எழுதிவைத்தார்கள். வீடு அங்கே ஊதியத்தின் ஒரு பகுதி. கொடுப்பவர், பெறுபவர், அடுத்து வருபவர் என்று எல்லாமே கல்லில் தெளிவாக இருந்தன.

தங்குமிடத்தோடு அதன் பராமரிப்புக்கும் வழி செய்த இன்னொரு மரபு தஞ்சை மராத்தியர் காலத்துச் சத்திரங்கள். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இரண்டாம் சரபோஜி ஒரத்தநாட்டில் கட்டிய முக்தாம்பாள் சத்திரம் இதற்குப் பெயர்பெற்ற எடுத்துக்காட்டு. அன்னதானத்துக்கும் ஆட்களின் சம்பளத்துக்கும் கட்டடச் செலவுக்கும் சத்திரங்களுக்கென்று நிலங்கள் ஒதுக்கப்பட்டன. ஓடு உடைந்தால் அதை மாற்றும் பணம் எந்த வயலின் வருமானத்திலிருந்து வரவேண்டும் என்பது தெரிந்திருந்தது. பிற்கால வாடகைக் கட்டடங்களுக்கு இந்த ஏற்பாடு கிட்டவில்லை.

பண்ணையும் குடிசையும்

டெல்டாவில் வேறொருவர் மண்ணில் வாழ்ந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் பண்ணையாட்கள். மிராசுதாரின் நிலத்தில் மண்சுவர் எழுப்பி, கீற்றோ வைக்கோலோ வேய்ந்து குடியிருந்தார்கள். மாத வாடகை என்று ஒன்றும் கிடையாது. உழைப்பே வாடகை. பண்ணையோடு மனக்கசப்பு வந்தால் வேலையும் குடிசையும் ஒரே நாளில் போகும். கூரையை மாற்றுவதும் சுவரைப் பூசுவதும் குடியிருப்பவரின் வேலைதான். ஆனால் அந்த மண்ணில் அவருக்கு எந்த உரிமையும் இல்லாததால், செங்கல் வைத்துக் கட்ட யாரும் துணியவில்லை. நாளைக்கே இறக்கிவிடப்படலாம் என்ற அச்சம், ஆண்டுதோறும் மழையில் கரையும் சுவராகவே அந்த வீட்டை வைத்திருந்தது.

விவசாயத் தொழிலாளர் இயக்கத்தின் நெடும் போராட்டத்துக்குப் பிறகே இது மாறத் தொடங்கியது. 1952இல் தஞ்சை சாகுபடியாளர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1961இல் குடியிருப்புகளிலிருந்து வெளியேற்றுவதைத் தடுக்கும் சட்டம் வந்தது. 1971ஆம் ஆண்டின் தமிழ்நாடு குடியிருப்பு அனுபோகதாரர்கள் சட்டம் அதையும் தாண்டிச் சென்றது. அந்த ஆண்டு ஜூன் 19 அன்று பிறர் நிலத்தில் குடியிருந்த விவசாயிகளுக்கும் விவசாயத் தொழிலாளர்களுக்கும் மனையையே உரிமையாக்கியது. பட்டா கைக்கு வந்தபின் அரசின் வீடு கட்டும் திட்டங்களுக்கு விண்ணப்பிக்கவும், கீற்றுக் கூரையை மாற்றி நிலையான வீடு எழுப்பவும் வழி பிறந்தது. குடியிருப்பவருக்கு மண்ணில் உறுதி கிடைத்தால் வீடு தானாகச் செப்பமாகும் என்பதை இந்த வட்டாரம் அப்படித்தான் கண்டது.

ஒண்டுக்குடித்தனம்

பணம் கொடுத்துக் குடியிருக்கும் நகர்ப்புற வாடகை 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பெருகியது. கும்பகோணத்தில் 1854இல் தொடங்கிய அரசுக் கல்லூரி வெளியூர் மாணவர்களை இழுத்தது. 1866இல் அந்த ஊர் நகராட்சியானது. 1877இல் தஞ்சாவூரையும் மயிலாடுதுறையையும் கும்பகோணம் வழியாக இணைத்த ரயில் பாதை வந்தது. வக்கீல் குமாஸ்தா, கடைக் கணக்கர், பள்ளி ஆசிரியர், படிக்கும் பையன் என்று தலைக்கு மேல் கூரை தேடுகிறவர்கள் கூடினார்கள். கணிதமேதை இராமானுஜன் வளர்ந்த சாரங்கபாணி சன்னதித் தெரு வீடும் இந்தக் கதையில் சேர்ந்தது. ஜவுளிக் கடையில் குமாஸ்தாவாக இருந்த தந்தையின் வருமானம் போதாமல், கல்லூரியில் படித்த வெளியூர் மாணவர்களைத் தங்கவைத்துச் சாப்பாடு போட்டது அந்தக் குடும்பம்.

மறுபக்கம், வீட்டுக்காரர்கள் ஊரை விட்டுக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். படித்த மிராசுதார் குடும்பங்கள் சென்னைக்கும் பம்பாய்க்கும் டெல்லிக்கும் பெயர்ந்தபோது அக்கிரகாரத்து வீடுகள் காரியஸ்தர் கைக்கோ தூரத்து உறவினர் கைக்கோ போயின. ஒரு குடும்பத்துக்குக் கட்டிய வீட்டில் மூன்று நான்கு குடும்பங்கள் குடியேறின. திண்ணை, ரேழி, கூடம், முற்றம், இரண்டாம் கட்டு, கொல்லை என்று நீளும் அந்த வீட்டில் ரேழி அறை ஒருவருக்கு, கூடத்தில் தட்டி வைத்து மறைத்த பாதி இன்னொருவருக்கு, இரண்டாம் கட்டு மற்றொருவருக்கு என்று பிரித்தார்கள். இதுவே ஒண்டுக்குடித்தனம். தஞ்சையிலிருந்து சென்னைக்குப் போனவர்களும் திருவல்லிக்கேணியிலும் மயிலாப்பூரிலும் இதே வாழ்க்கையையே கண்டார்கள். அங்கே அதற்கு ‘ஸ்டோர்’ என்று பெயர்.

அறைகள் பிரிந்தன, கிணறும் முற்றமும் சாக்கடையும் கழிவறையும் கூரையும் பிரியவில்லை. பிரச்சினை பிரியாத பொருள்களில்தான் முளைத்தது. நாட்டு ஓட்டுக் கூரையை ஐப்பசி மழைக்கு முன் பிரித்து, உடைந்ததை மாற்றி, மறுபடி அடுக்க வேண்டும். கோயில் ஊர்களில் குரங்குகள் தாவி ஓட்டை நகர்த்திவிடுவதும் உண்டு. ஓர் ஆண்டு விட்டுப்போனால் ஒழுகும் நீர் கைமரத்தில் இறங்கும். இரண்டாவது ஆண்டு சட்டம் உளுக்கும். மூன்றாவது ஆண்டு ஓடு மாற்றுவதால் பயனில்லை, மரத்தையே மாற்ற வேண்டும். முற்றத்துச் சாக்கடை அடைத்துக்கொண்டால் நாலு வீட்டுத் தண்ணீரும் கூடத்துக்கு ஏறும். வண்டல் மண்ணில் தாங்கி நிற்கும் ஈரம் சுவரில் இடுப்பளவுக்கு ஓதமாக ஏறி, பொங்கலுக்கு அடித்த சுண்ணாம்பை ஆடிக்குள் பொருக்காக உதிர்க்கும். வீட்டுக்காரர் ஊரில் இல்லை. காரியஸ்தருக்கு வாடகை வசூலிக்க அதிகாரம் உண்டு, செலவு செய்ய அதிகாரம் இல்லை. குடித்தனக்காரர்களில் ஒருவர் செலவு செய்தால் மற்ற மூவரும் பயன்பெறுவார்கள், அவருக்கோ வாடகை குறையாது. ஆகவே ஒருவரும் செய்யவில்லை. வாளியை ஒழுகும் இடத்தில் வைப்பதே வீட்டுக்கு வீடு மராமத்தாக நின்றது.

போக்கியம்

மாத வாடகைக்கு மாற்றாகத் தமிழகமெங்கும் வழங்கும் முறை போக்கியம். ஒத்தி என்றும் சொல்வதுண்டு. குடிவருபவர் ஒரு பெருந்தொகையை வீட்டுக்காரரிடம் கொடுப்பார். தொகைக்கு வட்டி கிடையாது. வீட்டுக்கு வாடகை கிடையாது. கெடு முடிந்ததும் வீட்டுக்காரர் தொகையைத் திருப்பித் தர வேண்டும். பெண்ணின் கல்யாணத்துக்கோ பயிர்ச் செலவுக்கோ பணம் தேவைப்பட்டவருக்கும், மாத வாடகையிலிருந்து தப்ப நினைத்தவருக்கும் இது கைகொடுத்தது.

இதன் பலவீனமும் பழுதுபார்ப்பதில்தான் வெளிப்பட்டது. வாங்கிய பணம் செலவாகிவிட்ட வீட்டுக்காரருக்கு மாத வருமானம் எதுவும் இல்லை. ஆகவே மோட்டார் கெட்டாலும் சுவர் வெடித்தாலும் அவர் கைவைக்க மாட்டார். குடியிருப்பவரோ வீட்டைக் காலி செய்து போகலாம் என்றால் பணம் கையில் இல்லை. வெறும் கைமாற்றாகவும் பதிவில்லாத பத்திரமாகவும் நடந்த போக்கியங்களில் அவருக்குச் சட்டப் பாதுகாப்பும் குறைவு. அடுத்த போக்கியக்காரர் கிடைக்கும்வரை பழுதான வீட்டில் காத்திருப்பதைத் தவிர வழியற்றுப் போனவர்கள் ஏராளம்.

வாடகைக் கட்டுப்பாடு

வாடகை வீட்டில் அரசு தலையிட்டது இரண்டாம் உலகப் போரின்போது. விலைவாசி ஏறி, வீடுகள் கிடைக்காமல் போன நிலையில், இந்தியப் பாதுகாப்பு விதிகளின் கீழ் 1941இல் சென்னை வீட்டு வாடகைக் கட்டுப்பாட்டு ஆணை பிறந்தது. போர்க்கால ஏற்பாடு 1946இல் சட்டமானது. 1949இல் திருத்திய சட்டம் வந்தது. இறுதியில் 1960ஆம் ஆண்டின் கட்டடங்கள் (குத்தகை மற்றும் வாடகைக் கட்டுப்பாடு) சட்டம் ஏறத்தாழ 60 ஆண்டுகள் நிலைத்தது. அது சென்னை, மதுரை, நகராட்சிகள் ஆகியவற்றுக்கு நேரடியாகவும், மற்ற ஊர்களுக்கு அரசின் அறிவிக்கை வழியாகவும் பொருந்தியது.

நினைத்தபடி வெளியேற்ற முடியாது என்பதே அந்தச் சட்டம் தந்த பெரிய பாதுகாப்பு. வாடகை பாக்கி, உள்வாடகை, சொந்தக் குடியிருப்புத் தேவை போன்ற காரணங்களை வாடகைக் கட்டுப்பாட்டு அலுவலர் முன் மெய்ப்பிக்க வேண்டும். தண்ணீர், மின்சாரம் போன்ற வசதிகளை வீட்டுக்காரர் துண்டிக்கக் கூடாது. தேவையான பழுதை அவர் பார்க்கத் தவறினால், அலுவலரின் அனுமதியோடு குடித்தனக்காரரே செய்து, ஓர் எல்லைக்குள் வாடகையில் கழித்துக்கொள்ளலாம். மராமத்துக் கடமை இப்படி எழுத்துவடிவம் பெற்றது.

நடைமுறையில் அந்தப் பிரிவு பலன் தராமல் போனதற்குச் சட்டத்துக்குள்ளேயே காரணங்கள் இருந்தன. நியாய வாடகையை, மனையின் மதிப்போடு தேய்மானம் கழித்த கட்டட மதிப்பைக் கூட்டி, குடியிருப்புக்கு ஆண்டுக்கு 9 சதவீதம், மற்றவற்றுக்கு 12 சதவீதம் என்று 1973ஆம் ஆண்டுத் திருத்தம் கணக்கிட்டது. கட்டடம் பழையதாக ஆக அதற்குரிய வாடகைக் கணக்கும் தேய்ந்தது. செலவு செய்ய வீட்டுக்காரருக்கு ஊக்கம் இல்லை. அதைவிடக் கொடியது மற்றொன்று. கட்டடத்தை இடித்துக் கட்டப்போவதாகச் சொல்லியும் வெளியேற்ற மனுப் போட முடிந்தது. அந்த வழக்கில் கட்டடத்தின் பழுதே வீட்டுக்காரருக்குச் சாதகமான சான்று. எனவே கூரை ஒழுகுகிறது, சுவர் விரிகிறது என்று எழுதிக் கொடுத்த குடித்தனக்காரர், தன்னை வெளியேற்றுவதற்கான ஆதாரத்தைத் தானே எழுதித் தந்தவர் ஆகும் அபாயம் இருந்தது. பழைய வாடகையில் நிலைத்திருக்க விரும்பியவர்கள் வாய்திறக்காமல் இருந்தார்கள். வீட்டுக்காரர்கள் கட்டடம் தானாக விழும்வரை காத்திருந்தார்கள். கும்பகோணத்தின் பழைய தெருக்களில் இடிந்த முகப்பும் ஆலஞ்செடி முளைத்த கைப்பிடிச் சுவருமாக நிற்கும் வீடுகள் பலவற்றின் பின்னால் இந்த நீண்ட மௌனம் இருக்கிறது.

கோயில் மனையும் கோயில் வீடும்

காவிரிக் கரை ஊர்களில் கோயில்களும் மடங்களும் பெரிய நிலவுடைமையாளர்கள். வயல்களைப் போலவே வீட்டுமனைகளும் அவற்றுக்கு உண்டு. மனை கோயிலுடையது, அதன்மேல் கட்டிய வீடு குடியிருப்பவருடையது என்ற அடிமனை முறை பல தலைமுறைகளாக நடக்கிறது. குடியிருப்பவர் கோயிலுக்கு அடிமனை வாடகை செலுத்துவார். பிறர் மனையில் வீடு கட்டியவருக்கு இழப்பீடும், மனையையே விலைக்கு வாங்கும் உரிமையும் தந்த 1921ஆம் ஆண்டின் சென்னை மாநகரக் குடித்தனக்காரர் பாதுகாப்புச் சட்டம் பிற்பாடு வேறு நகரங்களுக்கும் விரிந்தது. 1996இல் வந்த திருத்தம் சமய நிறுவனங்களின் நிலங்களை அதிலிருந்து விலக்கியது. உச்ச நீதிமன்றம் 2005இல் அதை ஏற்றது.

கோயிலுக்குச் சொந்தமான கட்டடங்களின் நிலையும் இதே திசையில் நகர்ந்தது. 1976 ஆகஸ்டில் வெளியான அரசாணை, சமய, அறக்கட்டளைகளின் கட்டடங்களுக்கு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்திலிருந்து விலக்கு அளித்தது. மிகக் குறைந்த பழைய வாடகையால் அறநிலையங்கள் நலிகின்றன என்ற காரணத்தை ஏற்று, 1985இல் உச்ச நீதிமன்றம் அந்த விலக்கை உறுதி செய்தது. கோயிலின் வருமானம் காக்கப்பட வேண்டியது என்பதில் ஐயமில்லை. சந்தை மதிப்பை ஒட்டி நியாய வாடகை நிர்ணயித்து மூன்று ஆண்டுக்கு ஒருமுறை திருத்த வேண்டும் என்று இந்து சமய அறநிலையத் துறைச் சட்டத்தின் 34-ஏ பிரிவு கூறுவதும் அந்த நோக்கில்தான்.

குடியிருப்பவரின் பக்கத்தில் மிஞ்சியது தளர்ந்த வீடு. 5 ஆண்டுக்கு மேற்பட்ட குத்தகைக்கு ஆணையரின் ஒப்புதல் வேண்டும். குறுகிய குத்தகையில், மனை தன் பெயரில் இல்லாதவருக்கு வீட்டுக் கடன் கிடைப்பது அரிது. இடித்துக் கட்டக் கோயிலின் இசைவு தேவை. சிறு பழுதைப் பார்க்கலாம், பெரிய பழுதைப் பார்க்க முடியாது என்ற இடைநிலையில் ஓட்டு வீடுகள் தார்ப்பாய் போர்த்தி நின்றன. பண்ணைக் குடிசைக்கு 1971இல் கிடைத்த தீர்வு இங்கே பொருந்தாது. கோயில் மனை கோயிலுக்கே உரியது. ஆனால் நீண்ட, உறுதியான குத்தகையும் பழுதுபார்க்கத் தாமதமில்லாத அனுமதியும் கோயிலின் உரிமையைக் குறைக்காமலே கொடுக்கக்கூடியவை.

அடுக்குமாடி

கடந்த சில பத்தாண்டுகளில் கும்பகோணத்தைச் சுற்றி அடுக்குமாடிகள் எழுந்தன. பழைய ஒண்டுக்குடித்தனத்தின் பொதுப் பொருள்கள் இங்கே புது உருவில் திரும்பின. கிணறு ஆழ்துளைக் கிணறும் மேல்நிலைத் தொட்டியும் ஆயிற்று. ஓட்டுக் கூரை தட்டோடு பதித்த மொட்டைமாடி ஆயிற்று. முற்றத்துச் சாக்கடை செப்டிக் டேங்க் ஆயிற்று. தட்டோட்டின் இணைப்பு விரிந்தால் மேல்தளத்து வீட்டில் மழை இறங்கும், ஆனால் மொட்டைமாடி எல்லோருக்கும் பொது. மோட்டார் எரிந்துபோனால் எல்லாருக்கும் தண்ணீர் நிற்கும், பங்கு கொடுக்காத இரண்டு வீட்டுக்காரர்கள் வெளிநாட்டில் இருப்பார்கள்.

1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு அடுக்குமாடி உரிமைச் சட்டத்தைப் போலவே, அதற்கு மாற்றாக 2024இல் நடைமுறைக்கு வந்த 2022ஆம் ஆண்டின் புதிய சட்டமும் உரிமையாளர் சங்கத்தைப் பொதுப் பராமரிப்பின் மையமாக வைக்கிறது. அந்தச் சங்கத்தில் உறுப்பினர் வீட்டின் உரிமையாளர். மாதாமாதம் பராமரிப்புக் கட்டணம் கட்டுவதோ பெரும்பாலும் குடியிருப்பவர். பணம் கொடுப்பவருக்கு ஓட்டு இல்லை. ஓட்டு உள்ளவர் அங்கே வசிப்பதில்லை. பொது மின்இணைப்புக் கட்டணமும் இந்தச் சுமையில் சேர்ந்தது. 10 வீடுகளுக்கு உட்பட்ட, மூன்று மாடிக்கு மேற்படாத, மின்தூக்கி இல்லாத குடியிருப்புகளுக்குப் பொது மின்சாரத்தின் விலையை யூனிட்டுக்கு 8 ரூபாயிலிருந்து 5.50 ரூபாயாகக் குறைப்பதாக 2023 அக்டோபரில் அரசு அறிவித்தது. சிறு நகரங்களின் அடுக்குமாடிகளில் கணிசமானவை இந்த வகையைச் சேர்ந்தவை. குறைந்த கட்டணம் வாடகைதாரரின் கணக்கில் இறங்கவேண்டுமானால் மின்கட்டண ரசீதை அவர் பார்க்க முடிய வேண்டும்.

வீட்டைக் காலி செய்யும் நாளில் இன்னொரு கணக்கு வரும். கொடுத்த அட்வான்ஸில் வெள்ளையடிக்க ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வது ஊரறிந்த வழக்கம். சுவரில் உப்புப் பூத்து வண்ணம் உரிந்தது குடியிருந்தவர் செய்த பிழையா, அடித்தளத்தில் ஈரத் தடுப்பு வைக்காமல் கட்டியதன் விளைவா என்று யாரும் கேட்பதில்லை.

2017ஆம் ஆண்டுச் சட்டம்

1960ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாக, சொத்து உரிமையாளர்கள் மற்றும் வாடகைதாரர்களின் உரிமைகளையும் பொறுப்புகளையும் ஒழுங்குபடுத்தும் 2017ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 அன்று நடைமுறைக்கு வந்தது. நகர்ப்புற வாடகைகள் எழுத்து ஒப்பந்தமாக இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும் என்று அது விதித்தது. வேறு உடன்பாடு இல்லாதபோது முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக் கூடாது. வாடகைத் தொகையை இரு தரப்பின் உடன்பாட்டுக்கு விட்டது. அரசுக் கட்டடங்களும், அரசு அறிவிக்கும் சமய, அறநிலையக் கட்டடங்களும் இதன் வரம்புக்கு வெளியே உள்ளன.

இதன் மிக முக்கியமான பகுதி, பழுதுகளைப் பெயர் சொல்லிப் பிரித்த அட்டவணை. கட்டட அமைப்பின் பழுது, சுவருக்கு வெள்ளையடித்தல், கதவு சன்னலுக்கு வண்ணம், குழாய்களை மாற்றுதல், மின்கம்பி இணைப்பு ஆகியவை வீட்டுக்காரர் பொறுப்பு. குழாய் வாஷரை மாற்றுவது, வடிகாலைச் சுத்தம் செய்வது, சுவிட்சு, சாக்கெட் போன்ற சிறு பழுதுகள் வாடகைதாரர் பொறுப்பு. வீட்டுக்காரர் செய்ய மறுத்தால் வாடகைதாரர் செய்து வாடகையில் கழிக்கலாம். ஒரு மாதத்தில் பாதி வாடகைக்கு மேல் கழிக்க முடியாது. தண்ணீரும் மின்சாரமும் பொது வழியும் துண்டிக்கப்பட்டால் வாடகை அதிகாரி இடைக்கால ஆணை பிறப்பிக்கலாம். காலி செய்யும்போது வெள்ளையடிக்கப் பணம் பிடிக்கும் வழக்கத்தை, ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதாதவரை, இந்த அட்டவணையே மறுக்கிறது.

அட்டவணை உயிர்பெற ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், பதிவாகியிருக்க வேண்டும். வாய்ச்சொல்லில் குடிவந்தவருக்கும், 11 மாதப் பத்திரத்தைப் பதியாமல் பெட்டியில் வைத்திருப்பவருக்கும் அதன் முழுப் பயன் எட்டாது. அடுக்குமாடியின் பொதுப் பகுதிகளுக்கும் இந்த அட்டவணை போதாது. அவற்றுக்குச் சங்கமும், ஆண்டுக் கணக்கும், மழைக்கு முன் மொட்டைமாடியையும் வடிகாலையும் பார்க்கும் ஒழுங்கும் வேண்டும். மேட்டூரில் தண்ணீர் திறப்பதற்கு முன் வாய்க்கால் தூர் வாரப்பட வேண்டும் என்பது டெல்டாவில் எல்லாரும் அறிந்த கணக்கு. யார் முறை, எத்தனை ஆள், எந்த நாளுக்குள் என்பது குடிமராமத்தில் முன்கூட்டியே தீர்மானமாகும். பலர் சேர்ந்து வாழும் கட்டடத்தின் மராமத்துக்கும் அதே மூன்று கேள்விகளுக்கு ஒப்பந்தத்திலேயே விடை எழுதப்பட வேண்டும்.